பானெட்டைத் திறக்காத பந்தயம்

2010ஆம் ஆண்டு. பொறியியல் கடைசி வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாய்மாமாவை பைக்கின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு செட்டிபாளையம் போனேன். அங்கே கரி மோட்டார் ஸ்பீட்வேயில் போலோ கப் ரேஸ். மாமாவுக்குக் கணபதியில் கார் பட்டறை. தொண்ணூறுகளில் ரேஸ், ராலி என்று அலைந்த உள்ளூர்க்காரர்களுக்கு எஞ்சின் வேலை செய்து கொடுத்தவர். பிறகு கடன், மகள் படிப்பு என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டார். பத்து வருடமாக ரேஸ் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ‘ஜெர்மன் கம்பெனி நடத்துதாம், சும்மா வாங்க மாமா’ என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே தெரிந்தவர் ஒருவர் புண்ணியத்தில் வண்டிகள் நிற்கிற இடம் வரை போக முடிந்தது. மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசையாக நின்ற போலோக்களை ஒன்றொன்றாகப் பார்த்தபடி அந்தக் கோடி வரை நடந்தார். திரும்பி வந்தார். முகத்தில் ஒரு குழப்பம். கல்யாண வீட்டுக்கு வந்து சமையல்கட்டைத் தேடுகிறவர் மாதிரி இருந்தார்.

“ஏண்டா மாப்ள, ஒருத்தனும் பானெட்டத் தொறக்கலயே?”

“எல்லாம் ஒரே மாதிரி வண்டிங்க மாமா. சீல் வெச்சிருப்பாங்க. கம்பெனி ஆளுங்க தவிர யாரும் உள்ள கை வெக்கக் கூடாது.”

“அப்பறம் மெக்கானிக்குக்கு இங்க என்ன வேல?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வயதில் அது ஒரு பெரிய கேள்வியாகவும் படவில்லை. ஒரே வண்டி, ஒரே எஞ்சின், ஒரே டயர். அப்படியானால் ஜெயிக்கிறவன் உண்மையிலேயே நல்ல டிரைவர். கல்லூரி லேபில் மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போமே, அது போல. இதைவிட நியாயமான பந்தயம் இருக்க முடியாது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எங்கிருந்து கிளம்பியது, எப்படி செட்டிபாளையம் வந்து சேர்ந்தது என்பதை ரொம்பப் பிற்பாடுதான் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க மாமாவின் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது.

*

கார் பந்தயம் தொடங்கிய காலத்திலிருந்தே அதில் ஒரு தீராத வழக்கு உண்டு. ஜெயித்தது ஆளா, வண்டியா? இரண்டையும் பிரிக்க முடியாது. பணம் இருப்பவனிடம் நல்ல வண்டி இருக்கும். நல்ல வண்டி இருப்பவன் ஜெயிப்பான். ஜெயித்தவனை நல்ல டிரைவர் என்போம். இந்த வட்டத்தை உடைக்க எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிடலாம் என்ற யோசனை பல ஊர்களில் பலருக்குத் தோன்றியிருக்கிறது. அதைப் பெரிய அளவில் ஒரு கம்பெனியின் திட்டமாகச் செய்துகாட்டியது பிரான்சின் ரெனோ. 1966இல் அவர்கள் தொடங்கிய கோர்தினி கோப்பைதான் இன்றைய ‘ஒன் மேக்’ ரேஸ்களுக்கெல்லாம் பாட்டன்.

வண்டி ரெனோ 8 கோர்தினி. நான்கு கதவுகளோடு பெட்டி மாதிரி ஒரு குடும்பக் கார், எஞ்சின் பின்னால். அமெதே கோர்தினி என்ற எஞ்சின் வித்தகர் அதன்மேல் கைவைத்தபிறகு வேறு பிராணியாகிவிட்டது. அவருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘மந்திரவாதி’. நீல நிறம், மேலே இரண்டு வெள்ளைப் பட்டைகள். இளைஞர்கள் கடன் வாங்கியாவது அந்தக் காரை வாங்கினார்கள். அதே காரை ஓட்டிக்கொண்டு களத்துக்கு வந்து, ரேஸ் முடித்து, உடையாமல் மிச்சமிருந்தால் அதிலேயே வீடு திரும்பியவர்கள் உண்டு. ரெனோவின் கணக்கு எளிமையானது. கார் விற்கும், விளம்பரம் கிடைக்கும், கூடவே நாளைய டிரைவர்களும் கிடைப்பார்கள். அது பலித்தது. அந்தக் கோப்பையில் தொடங்கியவர்களில் ஒருவர் ழான்-பியர் ஜபூய். 1979இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் ரெனோவுக்கு முதல் ஃபார்முலா ஒன் வெற்றியை வாங்கிக்கொடுத்தவர் அவர்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வண்டிகள் கம்பெனியுடையவை அல்ல. ஓட்டுகிறவன் தன் காசில் வாங்கிய வண்டி. விதிப்புத்தகம் எதையெல்லாம் மாற்றக்கூடாது என்று சொன்னது. ஆனால் வண்டியைப் பிரித்துப் பூட்டுவது, சரிசெய்வது, தயார்படுத்துவது எல்லாம் அவனுடைய பாடு. அவனுக்குப் பின்னால் ஒரு பட்டறை இருந்தது. பட்டறையில் ஒரு மாமா இருந்திருப்பார்.

*

ரெனோ 8க்குப் பிறகு ரெனோ 12 கோர்தினி வந்தது. எழுபதுகளின் நடுவில் அந்த இடத்தை ரெனோ 5 பிடித்துக்கொண்டது. சின்ன ஹேட்ச்பேக்குகள் ரேஸ் களத்தில் நிலைத்து உட்கார்ந்தது இங்கேதான் என்று சொல்லலாம்.

ரெனோ 5 வெளிவந்தது 1972இல். மளிகைச் சாமான் வாங்கப் போகிற கார். பின்கதவைத் தூக்கி மூட்டையைப் போட்டுக்கொண்டு போகலாம். முன்சக்கரங்களால் ஓடுகிற இந்த மாதிரிச் சின்ன வண்டிகளுக்கு ரேஸில் ஒரு தனிக்குணம் உண்டு. முன்டயர்கள் இரண்டும் எல்லா வேலையையும் செய்ய வேண்டும்: வண்டியை இழுக்க வேண்டும், திருப்ப வேண்டும், பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்க வேண்டும். ஒரு டயருக்கு இருக்கிற பிடிமானம் ஒரு சம்பளம் மாதிரி. மூன்று செலவும் அதற்குள்தான். வளைவில் அவசரப்பட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திருப்புவதற்கான பங்கு குறைந்து, வண்டி ஸ்டீயரிங் சொல்வதைக் கேட்காமல் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தாலோ எடை சட்டென்று முன்னால் விழுந்து பின்பக்கம் லேசாகி, வண்டி சுற்றிக்கொள்ளும். தேர்ந்தவர்கள் இந்த இரண்டாவது ஆபத்தையே கருவியாக்கினார்கள். வேண்டுமென்றே காலை எடுத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் வழுக்கவிட்டு, அதனால் திரும்புவார்கள். அப்போது உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பும், நாய் காலைத் தூக்குவது போல.

குதிரைசக்தி குறைவு என்பதால் இழந்த வேகத்தைத் திரும்பப் பெற நேரமாகும். ஒரு வளைவில் செய்த தப்புக்கு அடுத்த வளைவு வரை வட்டி கட்ட வேண்டும். ஹேட்ச்பேக்கின் உயரமான உடம்பு காற்றில் பெரிய ஓட்டை போடுவதால் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு அது இலவச உதவி. ஆகவே யாரும் யாரையும் விட்டுத் தூரம் போக முடியாது. கும்பலாகவே சுற்றுவார்கள், கதவோடு கதவு உரசும். பார்க்கிறவனுக்கு இதைவிட நல்ல ரேஸ் கிடையாது.

ஆனால் எல்லா வண்டியும் உண்மையில் ஒன்றா? ரெனோ 5 பற்றி எனக்கு மிகப் பிடித்த தகவல் ஒன்று. அந்தக் காரின் இடதுபக்கமும் வலதுபக்கமுமே ஒன்று கிடையாது. பின்சஸ்பென்ஷனுக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பிகள். இரண்டு கம்பிகளும் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருப்பதால், ஒரு பக்கத்தில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம் மறுபக்கத்தைவிடச் சுமார் 3 சென்டிமீட்டர் கூட. தொழிற்சாலையே அப்படித்தான் செய்து அனுப்பியது. சமத்துவத்துக்காக நடத்தப்பட்ட பந்தயம், இரண்டு பக்கமும் சமமில்லாத காரில் ஓடியது.

இது வேடிக்கை. பெரிய விஷயம் வேறு. எந்தத் தொழிற்சாலையும் இரண்டு பாகங்களைத் துல்லியமாக ஒரே அளவில் செய்ய முடியாது. இத்தனைக்குள் இருந்தால் சரி என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். கோவையில் லேத் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார், ‘ரெண்டு தவ் முன்னப்பின்ன இருக்கும்’ என்று. தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான்கு பிஸ்டன்களும் வரம்புக்குள் இருந்தாலும் எடையில் நான்கும் நான்கு விதம். பத்து எஞ்சின்களின் பாகங்களைக் கொட்டி, எடைபோட்டு, அளந்து, ஒன்றுக்கொன்று பொருந்துகிறவற்றை மட்டும் பொறுக்கி ஒரு எஞ்சின் பூட்டினால் அது சீராக ஓடும், கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். ஒரு விதியும் மீறப்படவில்லை. எல்லாம் கம்பெனி பாகங்கள்.

மாமா செய்ததும் இதைத்தான். அவருடைய பட்டறையில் நகைக்கடைத் தராசு ஒன்று இருந்தது. சின்ன வயதில் பட்டறைக்கு எதற்கு நகைத்தராசு என்று கேட்டிருக்கிறேன். ‘பிஸ்டனுக்கு பவுன் கணக்கு பாக்கணும்டா’ என்பார்.

எனவே ஒரே மாடல் காரை எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் ஆளும் வண்டியும் பிரிந்துவிடும் என்ற கனவு நடைமுறையில் வேறொன்றாக ஆனது. வண்டிக்குள் ஒளிந்திருந்த மூன்றாவது ஆள், மெக்கானிக், முக்கியமானவராகிவிட்டார். மாடல் ஒன்றுதான், பட்டறைகள் வேறு வேறு.

*

இதற்கு ஜெர்மனி கண்ட விடை, வண்டியை ஓட்டுகிறவனிடம் கொடுக்காமல் இருப்பது.

ஃபோக்ஸ்வாகன் 1976இல் சிரோக்கோவை வைத்து இளைஞர்களுக்கான கோப்பையைத் தொடங்கியது. முதல் வருடம் வென்ற மான்ஃபிரெட் விங்கெல்ஹாக் பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போனார். அடுத்து கோல்ஃப், எண்பதுகளில் போலோ, 1998 முதல் லூப்போ என்ற இன்னும் சின்னக் கார், 2004இலிருந்து மறுபடி போலோ. இந்தப் பயணத்தின் போக்கில் அமைப்பு தலைகீழானது. லூப்போ, போலோ காலத்தில் வண்டிகள் கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனியின் ஆட்களே பராமரிப்பார்கள். ஓட்டுகிறவன் பருவத்துக்கான கட்டணத்தைக் கட்டிவிட்டு ஹெல்மெட்டோடு வந்தால் போதும். அடிபட்ட வண்டியை அடுத்த ரேஸுக்குள் அவர்களே சரிசெய்து நிறுத்துவார்கள். தராசு வைத்திருக்கிற மாமாக்களுக்கு வழி அடைக்கப்பட்டது.

இதன் பலனையும் மறுக்க முடியாது. 2005இல் அந்த போலோ கோப்பையை வென்றவர் ரெனே ராஸ்ட். பிற்பாடு ஜெர்மனியின் பெரிய டூரிங் கார் பந்தயமான டிடிஎம்மை 2017, 2019, 2020 என்று மூன்று முறை வென்றார். சின்ன வண்டியின் சமத்துவத்தில் தேறி வந்த திறமை பெரிய வண்டியிலும் நின்றது. வடிகட்டி வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

2009இல் ஜெர்மனியின் போலோ கோப்பை முடிவுக்கு வந்தது. அடுத்த வருடம் அதே பெயரும் அதே ஏற்பாடும் இந்தியாவுக்கு வந்தன.

*

வந்து இறங்கிய இடம் சும்மா கிடந்த பொட்டல் இல்லை. இந்தியாவில் கார் பந்தயம் என்றால் அரை நூற்றாண்டாகத் தமிழ்நாடுதான். 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளம் ஒன்றைச் சோழவரத்தில் ரேஸ் களமாக்கியது. அங்கே ஃபியட், அம்பாஸடர், ஹெரால்டு ஓடியது; கூடவே வெளிநாட்டிலிருந்து இறக்கிய வண்டிகளும் ஓடின. விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். ஆளா வண்டியா என்ற கேள்விக்குச் சோழவரத்தில் அவ்வளவாக வேலை இருந்திருக்காது.

இதை மாற்றியவர் கோவைக்காரர் எஸ். கரிவரதன். அவரும் சோழவரத்தில் இறக்குமதி வண்டி ஓட்டியவர்தான், வசதியான மில் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் அவர் யோசனை வேறாக இருந்தது. நம் தெருவில் ஓடுகிற காரின் எஞ்சினை வைத்து நம் ஊரிலேயே ரேஸ் கார் கட்ட முடியாதா? 1988இல் வந்தது ஃபார்முலா மாருதி. மாருதி 800இன் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பின்னால் வைத்து, குழாய்ச் சட்டம் பற்றவைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் திறந்த வண்டி. பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும். பழுதானால் ஊர்ப் பட்டறையில் பாகம் கிடைக்கும். நரேன் கார்த்திகேயனின் முதல் ரேஸ் அதில்தான். கருண் சந்தோக் 2000இல் தேசியப் பட்டம் வென்றதும் அதில்தான். இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன்னுக்குப் போன இரண்டே இரண்டு பேருக்கும் ஏணியின் முதல் படி அந்த 796 சிசி எஞ்சின்.

கரிவரதன் 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் 2003இல் செட்டிபாளையத்தில் அமைந்ததுதான் இரண்டு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. 1990இலிருந்து ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இன்னொரு களம். 2011இல் கிரேட்டர் நொய்டாவில் புத் சர்வதேசக் களம் திறக்கும்வரை இந்தியா முழுவதுக்கும் இருந்த நிரந்தரக் கார் பந்தயக் களங்கள் இந்த இரண்டும்தான். போலோ கோப்பையின் முதல் பருவம் கோவைக்கும் சென்னைக்கும் இடையிலேயே ஓடியதற்கு வேறு காரணம் தேவையில்லை.

ஃபோக்ஸ்வாகனுக்கு அது இந்தியாவில் கால்பதிக்கிற நேரம். புனே அருகே சாகனில் தொழிற்சாலை 2009இல் திறந்தது. 2010 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் போலோவைக் காட்டினார்கள். கையோடு கோப்பை. ரெனோ 1966இல் போட்ட அதே கணக்கு. ஆனால் ஒரு வித்தியாசம். அன்று ஷோரூமில் நீங்கள் வாங்கிய போலோவில் 1.2 லிட்டர், 75 குதிரைசக்தி எஞ்சின். களத்தில் ஓடியதில் 1.6 லிட்டர் டீசல், 130 குதிரைசக்தி, தானே கியர் மாற்றிக்கொள்ளும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். உடம்பு போலோ, உள்ளே இருப்பது காசு கொடுத்தாலும் கிடைக்காதது. பிரெஞ்சு இளைஞனைப் போல வாங்கி, ஓட்டி, வீட்டுக்குக் கொண்டுபோகிற வண்டி அல்ல. தேர்வில் தேறி, கட்டணம் கட்டினால் ரேஸ் நாளன்று கையில் கொடுப்பார்கள்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பி வருகிறேன்.

டீசல் என்றதுமே மாமாவுக்குப் பாதி ஆர்வம் போய்விட்டது. “பஸ்ஸு எஞ்சின்ல ரேஸ் உடறானுங்க” என்றார். கொடி விழுந்ததும் எனக்கும் ஏமாற்றம்தான். காது கிழியும் என்று நினைத்துப் போனவனுக்கு ஒரு கனத்த உறுமலும், விசில் மாதிரி டர்போ சத்தமும் மட்டும் கேட்டன. ஆனால் ரெண்டு சுற்றுக்குள் வேறொன்று கேட்கத் தொடங்கியது. எஞ்சின் சத்தம் அடங்கி இருந்ததால் டயரின் சத்தம் தெளிவாக வந்தது. எந்த டயர் எப்போது கத்துகிறது, எவ்வளவு நேரம் கத்துகிறது என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே கேட்கலாம். மாமா கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரோ என்று பார்த்தேன்.

“அந்த ரெண்டாவதா போறவன் இருக்கானே, அவன் வண்டி கொஞ்சமாத்தான் கத்துது. முன்னாடி போறவன் டயரத் தேச்சுட்டே இருக்கான். கடைசில புடிச்சுருவான் பாரு.”

அப்படியேதான் நடந்தது. முன்னால் போனவன் கடைசிச் சுற்றுகளில் வளைவுகளில் அகலமாகப் போக ஆரம்பித்தான். ஒரு இடத்தில் உள்பக்கம் வழி கிடைத்தது, இரண்டாமவன் நுழைந்துவிட்டான். மாமா வேலியைத் தட்டிச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

திரும்பி வரும்போது வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். சீல் வைத்த பந்தயத்தை அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சொன்னது வேறு.

“தொண்ணூத்தி சொச்சத்துல ஒருத்தருக்கு வண்டி ரெடி பண்ணிக் குடுத்தேன். மூணு ராத்திரி தூங்கல. ஜெயிச்சாரு. ரெண்டாவது வந்தவன் ஒரு சின்னப் பையன், அப்பா வாங்கின வண்டிய அப்படியே கொண்டாந்து ஓட்டினான். அவன்தான்டா டிரைவரு. எனக்கும் தெரியும், ஓட்டினவருக்கும் தெரியும். அந்தப் பையனை அப்பறம் பாக்கல.”

கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “இங்க மாதிரி சீல் வெச்சிருந்தா அவன் ஜெயிச்சிருப்பான்.”

இந்த வாக்கியம் என்னை ரொம்ப நாள் படுத்தியது. மெக்கானிக்கை வெளியே தள்ளுவது அநியாயம் என்று எளிதாக எழுதிவிடலாம். ஆனால் மாமா தன் வாயாலேயே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டார். நல்ல மெக்கானிக் என்பதும் காசு கொடுத்து வாங்குகிற ஒன்றுதான். அந்தப் பையனின் அப்பாவால் மூன்று ராத்திரிக்கான கூலியைக் கொடுக்க முடியவில்லை. சீல் அந்த வித்தியாசத்தை அழித்தது. சரி. ஆனால் அந்தப் பையன் 2010இல் செட்டிபாளையம் வந்திருந்தால், அப்பா வாங்கிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்க முடியாது. கட்டணம் கட்டினால்தான் இருக்கை. ஒரு வாசலை மூடும்போது இன்னொரு வாசலில் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள்.

ஒன் மேக் பந்தயத்தின் ஐம்பது வருடக் கதையை இப்படிச் சுருக்கலாம். முதலில் மல்லையா மாதிரி விலையுயர்ந்த வண்டி வைத்திருப்பவரின் அனுகூலத்தை எடுத்தார்கள். அடுத்து மாமா மாதிரி ஆட்களின் அனுகூலத்தை எடுத்தார்கள். தானியங்கி கியர்பாக்ஸ் வந்தபோது, கியரைத் தப்பாகப் போட்டு எஞ்சினைக் கெடுக்காத கை என்ற திறமையும் போனது. ஒவ்வொன்றும் நியாயத்தின் பெயரால் நடந்தது, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. கடைசியில் மிச்சம் இருப்பது ஓட்டுகிறவனும், அவன் கட்டிய ரசீதும்.

*

கதை அங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நடுவில் 2015 வந்தது.

படிப்பு முடித்து நான் பெங்களூரில் வங்கிகளுக்கான மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை ஃபோக்ஸ்வாகன் மீது குற்றம் சாட்டியது. டீசல் கார்களின் எஞ்சின் கம்ப்யூட்டரில் ஒரு நிரல். கார் சோதனைக்கூடத்தில் ஓடுகிறதா, ரோட்டில் ஓடுகிறதா என்று அதுவே கண்டுபிடிக்கும். சோதனை என்றால் புகை வரம்புக்குள், ரோட்டுக்கு வந்தால் பழைய கதை. எப்படிக் கண்டுபிடித்தது? முக்கியமான தடயங்களில் ஒன்று ஸ்டீயரிங். சோதனைக்கூடத்தில் கார் உருளைகள்மேல் நின்ற இடத்திலேயே ஓடும். சக்கரம் சுற்றும், ஸ்டீயரிங் திரும்பாது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அந்த எஞ்சின் குடும்பத்தில் 1.2, 1.6, 2.0 லிட்டர் டீசல்கள் உண்டு. இந்தியாவில் மட்டும் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றித்தருவதாக டிசம்பரில் அறிவித்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செட்டிபாளையத்தில் ஓடிய ரேஸ் போலோக்களில் எந்தத் தில்லுமுல்லும் நடந்ததாக யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ரேஸில் எல்லா வண்டியும் அவர்களுடையவை. ஒன்றுக்கு மட்டும் சலுகை காட்ட அவர்களுக்குக் காரணமும் இல்லை. என்னைத் தொந்தரவு செய்தது வேறு. ‘பானெட்டைத் திறக்காதே, உள்ளே எல்லாம் சமமாகத்தான் இருக்கிறது, எங்களை நம்பு’ என்பதுதான் சீல் சொல்வது. திறந்து பார்க்கிற உரிமை ஒரே ஒருவரிடம் இருக்கும் இடத்தில் நமக்குக் கிடைப்பது நிரூபணம் இல்லை, வாக்குறுதி. ஒரு வாக்குறுதியின் கனம், அதைக் கொடுத்தவரின் கனம்தான்.

அந்த மோசடி எப்படி வெளியே வந்தது என்பது இன்னும் முக்கியம். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன ஆய்வுக் குழு, புகையை அளக்கும் கருவிகளை காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு, சோதனைக்கூடத்தை விட்டு வெளியே வந்து, கலிபோர்னியா சாலைகளில் ஓட்டியது. ஒரு காரை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை கொண்டுபோனார்கள். ஜெட்டாவின் நைட்ரஜன் ஆக்ஸைடு அளவு வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு வரை இருந்தது. அந்தக் குழுவில் இருந்த அரவிந்த் திருவேங்கடம் நம் சென்னையிலிருந்து போனவர். அவர்கள் யாரையும் பிடிக்கப் போகவில்லை. டீசல் காரும் சுத்தமாக ஓட முடியும் என்று காட்டுவதற்கான ஆய்வு அது. அளந்தார்கள், கணக்கு உதைத்தது, தங்கள் கருவியில்தான் தப்போ என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். கம்பெனிக்கு வெளியே ஒரு ஆள், கையில் ஒரு அளவுகோல். மாமாவின் நகைத்தராசு போல.

மெக்கானிக்குக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்விக்கு எனக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் ஒரு விடை கிடைத்தது. எஞ்சினைத் திறக்கத் தெரிந்த வெளியாள் ஒருவர் இருப்பதே ஒரு காவல். அவர் பந்தயத்தைக் கெடுக்கவும் கூடும், மாமாவே கெடுத்திருக்கிறார். ஆனால் அவரை மொத்தமாக அப்புறப்படுத்திவிட்ட இடத்தில், எல்லாம் சமம் என்று சொல்ல ஒரே ஒரு குரல்தான் மிஞ்சுகிறது. கரிவரதனின் சின்ன வண்டியில் எந்த ஊர்ப் பட்டறைக்காரனும் குனிந்து பார்த்து, இது இப்படித்தான் ஓடுகிறது என்று சொல்ல முடிந்தது. கோவையிலிருந்து அத்தனை பேர் அந்தத் தொழிலுக்குள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

*

கோப்பையும் மாறியது. டீசல் போய் 180 குதிரைசக்தி பெட்ரோல் எஞ்சின் வந்தது. 2015இல் போலோ போய் வென்டோ, 2017இல் அமியோ. 2022இல் போலோ தயாரிப்பே இந்தியாவில் நின்றுபோனது. பழைய போலோக்கள் இப்போது மாமாவின் பட்டறைக்கு அடிக்கடி வருகின்றன. அவரும் ஸ்கேனர் ஒன்று வாங்கிவைத்திருக்கிறார். ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினால் என்ன கோளாறு என்று எண்களில் சொல்லும். அதற்குமேல் உள்ளே போக முடியாது.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது ஒரு போலோ பானெட் திறந்து நின்றது. மாமா ஸ்கேனரை என்னிடம் நீட்டினார். எழுபதை நெருங்குகிறார், கண்ணாடி இல்லாமல் திரையைப் படிக்க முடியவில்லை. எண்ணைப் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, எஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் பெட்டியைத் துணியால் துடைத்தார்.

“மாப்ள, நீ கம்ப்யூட்டர்தான படிச்சே. இதுக்குள்ள என்ன எழுதியிருக்கான்னு உன்னால படிக்க முடியுமா?”

“முடியாதுங்க மாமா. பூட்டி வெச்சிருப்பாங்க.”

“அப்ப உன் வேலையும் எங்க வேலை மாதிரிதான்” என்றார். ஸ்பேனரைக் கேட்டு கையை நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன்.